‘ஆ காட்டு’ டாக்டரம்மாவை இங்கேயே பணியில் தொடர விடக் கோரி

அனுப்புநர்:
பள்ளி வாசல் கடை நடத்துபவர்,
(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்),
பள்ளி முன்வாசலுக்கு நேர் எதிரில்.

பெறுநர்:
உயர்திரு மண்டல சுகாதார அலுவலர் அவர்கள்,
பள்ளிப் பல் நலப் பிரிவு.

பொருள்: பள்ளிப் பல் மருத்துவரின் மாறுதல் ஆணையை ரத்து செய்யவும், அதற்குக் காரணமாகக் காட்டப்பட்ட எனது புகாரை நானே திரும்பப் பெறவும் அனுமதி வேண்டி விண்ணப்பித்தல் தொடர்பாக.

பார்வை: 1. இரண்டு மாதங்களுக்கு முன் நான் கொடுத்த புகார் மனு (நான்கு பக்கம், முழுக்க வயிற்றெரிச்சல்).
2. தங்கள் அலுவலக மாறுதல் ஆணை. புகார்தாரர் என்ற முறையில் எனக்கும் ஒரு நகல் வந்தது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனு எழுதுவது எனக்குப் புதிதல்ல. எரியாத தெருவிளக்கு, மூடாத சாக்கடை, நிற்காமல் போகும் பேருந்து என்று இதுவரை பதினாறு மனு எழுதியிருக்கிறேன். என் கையெழுத்தைப் பார்த்தாலே தங்கள் அலுவலகத்தில் தபால் பிரிப்பவர் பெருமூச்சு விடுவார் என்று கேள்வி. ஆனால் நான் எழுதிய மனுவை எதிர்த்து நானே எழுதுவது இதுதான் முதல் தடவை. நடுவில் எங்காவது தடுமாறினால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. எங்கள் பள்ளியில் மாடிப்படிக்குக் கீழே, முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையில், நான்கு ஆண்டுகளாக ஒரு பல் மருத்துவர் பணிபுரிகிறார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘ஆ காட்டு டாக்டர்’. பெரியவர்கள் டாக்டரம்மா என்கிறோம். அவரை இம்மாதக் கடைசியோடு வேறு மண்டலத்துக்கு மாற்றவும், அந்த அறையை மூடிவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது வந்து பார்த்துவிட்டுப் போகும் பழைய ஏற்பாட்டுக்கே திரும்பவும் தாங்கள் ஆணையிட்டிருக்கிறீர்கள். ஆணையில் இரண்டு காரணங்கள் உள்ளன. அவர் வருவதற்கு முன் 118 ஆக இருந்த பல் பாதிப்பு எண்ணிக்கை இப்போது 621 ஆக உயர்ந்து, மண்டலத்திலேயே இந்தப் பள்ளி முதலிடத்தில் இருக்கிறது என்பது ஒன்று. பொதுமக்களிடமிருந்து புகார் வந்திருக்கிறது என்பது மற்றொன்று.

2. இரண்டாவது காரணத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பொதுமக்கள் என்று தாங்கள் குறிப்பிட்டிருப்பது என்னைத்தான். இந்தத் தெருவில் வேறு யாரும் புகார் எழுதவில்லை. நான் வீடு வீடாகப் போய்க் கேட்டபோதும் யாரும் கையெழுத்துப் போடவில்லை. பேனா தீர்ந்துவிட்டது என்றார்கள், கண்ணாடியைக் காணோம் என்றார்கள், தையல்காரர் மட்டும் முகத்துக்கு நேராகவே “உனக்கு வேற வேலையே இல்லையா?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம் என்பதை இப்போது எழுத்துமூலம் ஒப்புக்கொள்கிறேன்.

3. அந்த மனுவில் ஏழு குற்றச்சாட்டுகள் எழுதியிருந்தேன். அவற்றில் பெரியது பாட்டில் மூடி விவகாரம். என் கடையில் இனிப்புச் சோடா, பழரசம் என்று மூடி திருகும் பாட்டில்கள் விற்கிறேன். ஒருநாள் டாக்டரம்மா கடைக்கு வந்து, விற்க வேண்டாம் என்று சொல்லவில்லை, பாட்டிலைக் கொடுக்கும்போது “மூடிய மட்டும் நீங்க வெச்சுக்கோங்க” என்றார். மூடி இல்லாவிட்டால் பையில் போட முடியாதாம். பையில் போட முடியாவிட்டால் இங்கேயே நின்று ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போவார்களாம். எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை மணி நேரம் பல் அதில் ஊறுகிறது என்பதுதான் முக்கியமாம். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய பொருளின் மூடியைப் பிடுங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறார், இது பகல் கொள்ளை என்று அன்று மாலையே எழுதினேன். கடைக்குப் பக்கத்தில் அவர் தண்ணீர்க் குடம் வைத்து, தின்றதும் வாயைக் கொப்பளிக்கச் சொல்வதை, என் வியாபாரத்தைக் கெடுக்கச் செய்த சூழ்ச்சி என்று எழுதினேன். சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார் என்றும் சேர்த்தேன். அதுவும் பச்சைப் பொய். அழுகிற பிள்ளை வந்தால் முதலில் அவரே வாயைத் திறந்து காட்டி, “என் பல்ல எண்ணிச் சொல்லு” என்பார். அவருக்கு அடைத்த பல் இரண்டு இருக்கிறது. பிள்ளை அதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் கைகொடுப்பார். அதற்குள் அழுகை எங்கே போனதென்றே தெரியாது.

ஏழில் ஒன்று மட்டும் உண்மை. பரிசோதனைக்கு வரும் பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தேன்.

4. என் மகளைப் பற்றி இங்கே எழுதியாக வேண்டும். அவளுக்குப் பதினைந்து வயது. பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, மூலையில் இருக்கும் மரப்பெட்டி மேல் உட்கார்ந்து பாடம் படிப்பாள். பக்கத்தில் ஒரு பாட்டில் இருக்கும். நான்கு மணிக்குத் திறந்தால் ஏழு மணி வரைக்கும் மடக்கு மடக்காகக் குடிப்பாள். நம் கடைதானே, பிள்ளை குடித்துவிட்டுப் போகட்டும் என்று நானே எடுத்துக் கொடுப்பேன். சிரித்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். எவ்வளவு அடக்கமான பெண் பாருங்கள் என்று சொந்தக்காரர்களிடம் பெருமை அடித்திருக்கிறேன் ஐயா. இதை எழுதும்போதே என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நான் புகார் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருக்கும். டாக்டரம்மா கடையை நோக்கி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் தயாராக நின்றேன். அவர் அவசரப்படவில்லை. கடையில் நின்ற இரண்டு பேரும் வாங்கிக்கொண்டு போகும்வரை ஓரமாக நின்றார். பிறகு மெதுவாக, “அம்மா, உங்க பொண்ணு எட்டு மாசமா ஒரே பக்கமா மெல்லுறா. உங்களுக்குத் தெரியுமா?” என்றார்.

எனக்குத் தெரியாது. தெருவில் யார் வீட்டில் என்ன சமையல் என்பதுவரை தெரிந்த எனக்கு, என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடும் மகள் எந்தப் பக்கம் மெல்லுகிறாள் என்பது தெரியவில்லை. அன்றைய பரிசோதனையில்தான் அவள் டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். கீழ்த்தாடையின் கடைவாய்ப் பல் ஒன்று நரம்புவரை சொத்தையாகியிருந்தது. மேலே முன்பற்கள் இரண்டுக்கு நடுவில் கறுப்பு விழுந்திருந்தது. அதை மறைக்கத்தான் அவள் வாயைப் பொத்தியிருக்கிறாள். வலிக்கும்போது தோழியிடம் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நான் கத்துவேன் என்று பயம். கத்தியிருப்பேன், அதில் சந்தேகமில்லை.

வாய் சும்மா இருக்காமல், நான் புகார் எழுதியது தெரியுமா என்று அவரிடம் கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: “படிச்சேன். பிள்ளைங்க வெயில்ல நிக்கிறாங்கன்னு எழுதியிருந்தீங்க, அது சரிதான். நிழல்ல பெஞ்சு போட்டாச்சு. பொண்ண நாளைக்கு அனுப்புங்க.” அவ்வளவுதான். ஆறு பொய்யைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானாக இருந்தால் அந்த ஆறையும் வருடக் கணக்கில் சொல்லிக் காட்டியிருப்பேன்.

5. இனி 118, 621 பற்றி. இந்த எண்கள் எப்படி வந்தன என்பதைக் கடையில் உட்கார்ந்தபடியே பார்த்தவள் என்ற முறையில் விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். டாக்டரம்மாவுக்கு முன் வந்தவர், பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, ‘ஈ’ காட்டச் சொல்லிக்கொண்டே நடந்து போவார். அறுநூற்று நாற்பது பிள்ளைகளும் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடிந்துவிடுவார்கள். ‘ஈ’ என்றால் தெரிவது முன்வாசல் மட்டும். சொத்தை குடியிருப்பது பின்கட்டில். அப்படி நடந்துகொண்டே எண்ணியதுதான் 118.

டாக்டரம்மா ‘ஆ’ காட்டச் சொல்பவர். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, ஒவ்வொரு பல்லாகப் பார்ப்பார். அவர் வந்த முதல் வருடம் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்து முடிக்க ஏழு வாரம் ஆயிற்று. எண் 549 ஆனது. பிள்ளைகளின் பல் ஒரே வருடத்தில் கெட்டுப்போய்விடவில்லை ஐயா. அதுவரை யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, அவர் பார்த்தார்.

அடுத்து, தங்களுக்கு வரும் படிவத்தில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன: சொத்தையாக இருக்கும் பல், எடுத்துவிட்ட பல், அடைத்துச் சரிசெய்த பல். மூன்றையும் கூட்டி வரும் எண்தான் பாதிப்பு. ஒருமுறை கெட்ட பல், அடைத்துக் கல்லுமாதிரி ஆன பிறகும் இந்தக் கணக்கைவிட்டு இறங்காது. தங்கள் அலுவலகம் பார்த்தது கடைசியில் உள்ள கூட்டுத்தொகையை மட்டும். நான் பல் அறைச் சுவரில் ஒட்டியிருந்த அட்டையிலிருந்து மூன்றையும் பிரித்து எழுதிக்கொண்டு வந்தேன். அவர் வந்த முதல் வருடம் சொத்தை 506, எடுத்தது 29, அடைத்தது 14. இந்த வருடம் சொத்தை 131, எடுத்தது 38, அடைத்தது 452. வலித்துக்கொண்டிருந்த ஐந்நூற்றுச் சொச்சம் நூற்றுச் சொச்சமாக இறங்கியிருக்கிறது. இதற்குப் பாராட்டுக் கடிதம் வர வேண்டிய இடத்தில் மாறுதல் ஆணை வந்திருக்கிறது. ‘ஈ’ காட்டும் பள்ளிகளெல்லாம் பட்டியலில் நல்ல பெயரோடு இருக்கின்றன. தங்கள் கணக்குப்படி பார்த்தால் டாக்டரம்மாவுக்கே பாதிப்பு இரண்டு.

6. மீதமிருக்கும் 131 சொத்தைப் பற்களில் முக்கால்வாசி பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுடையவை. அதையும் மறைக்க விரும்பவில்லை. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் புதிதாக வரும் சொத்தை பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது. பெரிய பிள்ளைகளிடம் மட்டும் புதிது புதிதாக வந்துகொண்டேயிருக்கிறது. ஏன் என்று டாக்டரம்மா படித்துத் தெரிந்துகொண்டிருப்பார். நான் விற்றுத் தெரிந்துகொண்டேன். சின்னப் பிள்ளை அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வரும், ஒரு மிட்டாய் வாங்கும், அம்மா இரண்டாவதுக்கு விடமாட்டாள். பன்னிரண்டு வயதானதும் தனியாக வரும். அப்போது மிட்டாய் வாங்கினால் கேவலம். பாட்டில்தான். முதல் பாடவேளையில் ஒரு வாய், இடைவேளையில் ஒரு வாய், டியூஷனில் ஒரு வாய். வீட்டில் அதற்குப் பல் தேய்த்துவிடவும் யாரும் இல்லை, தேய்த்தாயா என்று கேட்டால் எரிந்து விழும். அந்த வயதில் வாயைத் திற என்று சொல்ல அம்மாவுக்கே தைரியம் வராது.

டாக்டரம்மாவுக்கு அந்தத் தைரியமும் உண்டு, அதைவிடப் பெரிய பக்குவமும் உண்டு. பெரிய பிள்ளைகளுக்கென்று அறையில் ஒரு திரை கட்டினார். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒவ்வொருவராக உள்ளே போனதும் கண்ணாடியை அவர்கள் கையிலேயே கொடுத்து, முதலில் நீயே பார் என்பார். ஏன் தேய்க்கவில்லை என்று இந்த நான்கு வருடத்தில் ஒரு பிள்ளையையும் கேட்டதில்லை என்று என் மகள் சொல்கிறாள். திட்டுக்குப் பயந்து மறைத்து வைத்த வாயை, திட்டாத ஆளிடம் திறந்து காட்டியிருக்கிறார்கள். வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுச் சுற்றும் பெரிய பையன்கள்கூட அவரிடம் மட்டும் சொன்ன நாளுக்கு வந்து நிற்பதை என் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன்.

இந்த ஒரு மாதமாக நானும் மூடிகளை வைத்துக்கொள்கிறேன். கடைக்கு அடியில் ஒரு வாளி நிறைந்துவிட்டது. முதலில் பிள்ளைகள் முறைத்தார்கள். இப்போது அவர்களே கழற்றி என் கையில் வைத்துவிட்டு, குடித்து முடித்து, குடத்துப் பக்கம் போய்க் கொப்பளிக்கிறார்கள். வியாபாரம் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

7. என் மகளுக்கு முன்பற்கள் இரண்டும் சரியாகிவிட்டன. இப்போது வாயைத் திறந்துதான் சிரிக்கிறாள். அடுத்த தெருவுக்குக் கேட்கிறது. கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை நடக்கிறது. இரண்டு தடவை முடிந்து, தற்காலிகமாக அடைத்திருக்கிறார். மூன்றாவது தடவைக்குக் கொடுத்த நாள், தங்கள் ஆணைப்படி அறை பூட்டப்பட்டு ஐந்தாவது நாள் வருகிறது. மூன்று மாதம் கழித்து வருபவருக்காகக் காத்திருந்தால் அந்தப் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும். பதினைந்து வயதில் எடுத்தால் மறுபடி முளைக்காது. இதே நிலையில் பள்ளியில் இன்னும் நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சென்ற வியாழக்கிழமை தங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு ஓர் உறை வந்தது. கடையில் கூட்டம் இருந்ததால் என் மகள் பிரித்தாள். ‘தங்கள் புகாரின் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு, சம்பந்தப்பட்ட மருத்துவர் மாற்றப்பட்டுள்ளார் எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது’ என்று இருந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, “அம்மா, நீயா?” என்றாள். அத்தனை பேருக்கு நடுவில் மிச்சச் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஐந்து நாளாக என்னோடு பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்ச் சாப்பிடுகிறாள். என் கணவர் பேருந்து ஓட்டுநர். நான் மனு எழுதும்போதெல்லாம் நமக்கெதற்கு என்று ஒதுங்கிப் போகிறவர். இந்த முறை அவரே வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

8. இந்த மனுவை டாக்டரம்மா எழுதச் சொல்லியிருப்பார் என்று தாங்கள் எண்ணக்கூடும். அவருக்கு இது தெரியாது. தெரிந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வார். நேற்று மன்னிப்புக் கேட்கலாம் என்று அந்த அறைக்குப் போனேன். நிழலில் போட்ட பெஞ்சில் ஒன்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்குப் பேச நேரமில்லை. போவதற்குள் எத்தனை பல்லை முடிக்க முடியுமோ அத்தனையையும் முடித்துவிட வேண்டும் என்று மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு வேலை செய்துகொண்டிருந்தார். சாப்பாட்டு டப்பா மூடியபடியே மேசையில் இருந்தது. நேற்று மட்டும் பதினொன்று அடைத்திருக்கிறார். ஒவ்வொன்றையும் அடைத்து முடித்ததும் படிவத்தில் முதல் கட்டத்தில் அடித்து, மூன்றாம் கட்டத்தில் எழுதினார். கூட்டுத்தொகை 621 அப்படியேதான் இருந்தது. எத்தனை பல்லைக் காப்பாற்றினாலும் தனக்கு எதிரான அந்த எண்ணில் ஒன்றுகூடக் குறையாது என்பது அவருக்கு நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பன்னிரண்டாவது பிள்ளையைக் கூப்பிட்டார். நான் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

9. ஆகவே கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பார்வை ஒன்றில் கண்ட என் புகாரை, பிள்ளைகள் வெயிலில் நிற்பது பற்றிய வரி நீங்கலாக, பொய் என்று குறித்துத் தள்ளுபடி செய்ய வேண்டும். பொய்ப் புகார் கொடுத்ததற்கு என் மீது என்ன நடவடிக்கை உண்டோ அதை எடுத்துக்கொள்ளலாம், கடையைப் பூட்டி வைத்துவிட்டு வரத் தயாராக இருக்கிறேன். இந்தப் பள்ளியின் படிவத்தைக் கூட்டுத்தொகையாகப் பார்க்காமல் மூன்று கட்டங்களாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முடிந்தால் தாங்களே ஒருநாள் நேரில் வந்து, எண்ணிக்கை குறைவாக இருக்கும் ஏதாவது ஒரு பள்ளியில் பத்துப் பிள்ளைகளை மட்டும் ‘ஆ’ காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாறுதல் ஆணையை ரத்து செய்து டாக்டரம்மாவை இந்த அறையிலேயே இருக்க விட வேண்டும். அட்டையிலிருந்து பிரித்து எழுதிய கணக்கையும், சிகிச்சை பாதியில் நிற்கும் நாற்பத்தொரு பிள்ளைகளின் வீட்டாரிடம் வாங்கிய கையெழுத்துகளையும் இணைத்திருக்கிறேன். இந்தத் தடவை யார் வீட்டிலும் பேனா தீர்ந்துபோகவில்லை.

ஐயா, பொய்யாக எழுதிய மனு கிடைத்தது என்று தங்கள் அலுவலகத்திலிருந்து மூன்றாம் நாளே எனக்குப் பதில் வந்தது. இந்த மனுவில் எழுதியிருப்பது அத்தனையும் உண்மை. அறையைப் பூட்ட இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. அந்தப் பொய்க்குக் காட்டிய அதே அவசரத்தை இதற்கும் காட்டினால் போதும், அதற்கு மேல் ஒரு நாள்கூட முன்னதாகக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்காகக் கடையிலேயே காத்திருக்கும்,
(கையெழுத்து)
பள்ளி வாசல் கடைக்காரி

இடம்: பள்ளி வாசல்
தேதி: இம்மாதம் 19, செவ்வாய்க்கிழமை